போட்டோஷொப் இழுபடுகிறதா? புதிய கணினி வாங்குவதற்கு முன் பார்க்கவேண்டியவை

நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கையில், எங்கள் ஒழுங்கையிலுள்ள இளைஞர்கள் தண்ணீர்ப்பந்தலுக்கு 10 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்ட பதாகையொன்றை வடிவமைத்துத் தருமாறு கேட்டார்கள். கொக்குவிலில் உள்ள என் வீட்டில், 8 ஜிபி ரம் (தற்காலிக நினைவகம்) கொண்ட பழைய கணினியில், படங்களை வடிவமைக்கும் போட்டோஷொப் மென்பொருளில் வேலையைத் தொடங்கினேன். எழுத்தொன்றை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது நகர்ந்து முடிய அரை நிமிடம் சென்றது. கணினி திருத்துபவர் ஒருவர், இனி இதில் ஒன்றும் செய்ய இயலாது, புதிதாக வாங்குவதே வழி என்றார். நான் வாங்கவில்லை. இரண்டு மாலைகளைச் செலவிட்டுக் காரணங்களைத் தேடினேன். தேடிய வரிசையை அன்றி, தேடியிருக்கவேண்டிய வரிசையை இங்கே எழுதுகிறேன். மெனுப் பெயர்கள் விண்டோஸ் கணினிக்கு உரியவை.

முதலில் எந்த அமைப்பையும் மாற்றாமல் நோயை அறிய வேண்டும். போட்டோஷொப் சாளரத்தின் கீழ்ப்பகுதியில், கோப்பின் அளவைக் காட்டும் இடத்துக்கு அருகே உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தி, ‘எஃபிஷன்சி’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். அங்கே 100% என்று இருந்தால் வேலை முழுவதும் ரம்மிலேயே நடக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால், ரம் போதாமல் போட்டோஷொப் வன்தட்டில் தற்காலிக இடம் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். அந்த இடத்தைத்தான் ஸ்கிராட்ச் டிஸ்க் என்கிறார்கள். என் பதாகையில் அந்த எண் 100இலிருந்து வெகுதூரம் இறங்கியிருந்தது.

அடுத்து, கோப்பின் அளவைப் பாருங்கள். எல்லா அச்சு வேலைக்கும் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டும் என்று பழகியவன் நான். 31ஆம் நாள் நினைவு மலர், அழைப்பிதழ் போன்ற கையிற் பிடித்துப் படிப்பவற்றுக்கு அது சரி. பதாகைக்கு அதே கணக்கைப் போட்டால் 36,000 × 14,400, அதாவது ஏறத்தாழ 52 கோடி படப்புள்ளிகள் வருகின்றன. சிஎம்வைகே என்னும் நான்கு நிற அச்சு முறையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் என்பதால், முழுதும் நிரம்பிய ஒரேயொரு லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) மட்டும் சுமார் 2 ஜிபி கேட்கும். இத்தனைக்கும் போட்டோஷொப்பின் வழக்கமான பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கத்துக்கு 30,000 புள்ளிகளுக்கு மேல் ஏற்பதில்லை. மிகப் பெரிய படங்களுக்கான பிஎஸ்பி ஆகச் சேமிக்கும்படி மென்பொருள் கேட்டபோதே நான் விழித்திருக்க வேண்டும். அதே பதாகை 72 டிபிஐயில் 8,640 × 3,456 ஆகிறது, அந்த லேயர் 120 எம்பி அளவில் அடங்கிவிடுகிறது. வீதியோரத்தில் தூரத்திலிருந்து பார்க்கும் பதாகைக்கு இது பெரும்பாலும் போதும். ஆயினும் அச்சகத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே தொடங்கிய கோப்பைக் குறைக்க ‘இமேஜ் சைஸ்’ பெட்டியில் ‘ரீசாம்பிள்’ தெரிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் 300ஐ 72 ஆக்கினால் எண் மட்டும் மாறும், புள்ளிகள் அப்படியே இருக்கும். குறைப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துவையுங்கள்.

இனி என்னை ஒரு மாலை முழுவதும் அலைக்கழித்த படிக்கு வருகிறேன். ‘எடிட்’, ‘பிரிபரன்சஸ்’, ‘ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ்’ என்று சென்றால் டிரைவ்களின் பட்டியல் தெரியும். என்னுடையதில் சி டிரைவ் தெரிவாகியிருந்தது. அதில் 6 ஜிபி மட்டுமே எஞ்சியிருந்தது. டி டிரைவில் 200 ஜிபி வெறுமையாகக் கிடந்ததால் அதற்கு மாற்றி, போட்டோஷொப்பை மூடித் திறந்தேன். இடம் போதவில்லை என்று அதுவரை வந்த எச்சரிக்கை வராமல் போனது, ஆனால் வேகம் சற்றும் கூடவில்லை. காரணம் மறுநாள்தான் புலப்பட்டது. ‘டாஸ்க் மனேஜர்’ திறந்து ‘பெர்ஃபோமன்ஸ்’ பகுதியைப் பார்த்தபோது, ‘டிஸ்க் 0 (சி: டி:)’ என்று ஒரே வரியில் இருந்தது. இரண்டும் ஒரே வன்தட்டைக் கூறுபோட்டு வைத்த பிரிவுகள். சுழலும் வன்தட்டில் வாசிக்கும் முனை விண்டோஸுக்காக ஓரிடத்துக்கும் போட்டோஷொப்புக்காக இன்னோரிடத்துக்கும் மாறி மாறி ஓடவேண்டும். காணி ஒன்றுதான், நடுவில் வேலி போட்டதால் இரண்டாகிவிடாது. உங்கள் கணினியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். நான் கடைசியில், சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகமான சிறிய எஸ்எஸ்டி ஒன்றை உள்ளே பொருத்தி, ஸ்கிராட்ச் டிஸ்காக அதை மட்டும் தெரிவு செய்தேன். யூஎஸ்பி பென்டிரைவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

மின்வெட்டால் கணினி திடீரென அணைந்தால் போட்டோஷொப் தன் தற்காலிகக் கோப்புகளை அழிக்காமல் விட்டுவிடும். ‘போட்டோஷொப் டெம்ப்’ என்று தொடங்கும் அந்தக் கோப்புகளை, மென்பொருளை மூடிய பின்னர் தேடி அழித்தபோது எனக்குப் பல ஜிபி மீண்டது. ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிப் போட்டோஷொப்பே திறக்க மறுத்தால், திறக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்தால் வேறு டிரைவைத் தெரிவு செய்யலாம்.

மீதி சிறியவை. போட்டோஷொப் ‘பிரிபரன்சஸ்’ உள்ளே ‘பெர்ஃபோமன்ஸ்’ அமைப்பில் ‘ஹிஸ்டரி ஸ்டேட்ஸ்’ (பின்னோக்கித் திரும்பக்கூடிய படிகளின் எண்ணிக்கை) 50 ஆக இருந்தால் 20 ஆக்குங்கள். ரம் ஒதுக்கீடு இயல்பாக 70% இருக்கும். அதைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம், ஆனால் 85%ஐத் தாண்டினால் விண்டோஸ் மூச்சுத் திணறும். ‘எடிட்’ மெனுவிலுள்ள ‘பர்ஜ்’, நினைவகத்தில் சேர்த்துவைத்த பழைய படிகளை அழித்து உடனடி நிவாரணம் தரும், ஆயினும் அதன்பின் பழைய படிகளுக்குத் திரும்ப முடியாது. கணினியை ஒரே அழுத்தில் வேகமாக்குவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நான் நம்புவதில்லை. அவற்றை நீக்கிய பிறகே சில நண்பர்களின் கணினிகள் சீரடைந்தன. அத்துடன், பதாகையின் எழுத்துகளைப் போட்டோஷொப்பில் அமைப்பதைவிட, படத்தை மட்டும் அங்கே முடித்துவிட்டு இல்லஸ்ட்ரேட்டரிலோ கோரல்டிராவிலோ எழுத்தைச் சேர்ப்பதே என் விருப்பம். எழுத்தும் கூராக இருக்கும், கோப்பும் இலேசாகும்.

பிற்சேர்க்கை: எஃபிஷன்சி 100% இருந்தும் எழுத்துருப் பட்டியலைத் திறந்தாலே கணினி உறைகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில், யுனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களான பாமினி வகை எழுத்துருக்களை ஆண்டாண்டாகச் சேர்த்து, ஆயிரத்துக்கு மேல் நிறுவியிருக்கிறார். அச்சகங்களிலிருந்து வரும் பழைய கோப்புகளைத் திறக்க அவற்றிற் சில தேவைதான்; மற்றவற்றை வேறொரு கோப்புறையில் வைத்துவிட்டு நிறுவல் நீக்கச் சொன்னேன். ‘டைப்’ மெனுவில் ‘ஃபொன்ட் பிரிவியூ சைஸ்’ என்பதை ‘நன்’ ஆக்கியதும் பட்டியல் உடனே திறந்ததாக மறுமொழி வந்தது.

இன்னொருவருக்கு மடிக்கணினி மின்சாரம் இருக்கும்போது நன்றாகவும், மின்வெட்டில் மட்டும் மந்தமாகவும் இயங்கியது. பற்றரியில் ஓடும்போது விண்டோஸ் வேகத்தைக் குறைக்கும். இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினியானால், விண்டோஸ் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’, ‘கிராஃபிக்ஸ்’ வழியே போட்டோஷொப்புக்கு ‘ஹை பெர்ஃபோமன்ஸ்’ என்று குறித்துவிடுங்கள். பின்னர் ‘ஹெல்ப்’ மெனுவின் ‘சிஸ்டம் இன்ஃபோ’வில் எந்தச் சிப்பின் பெயர் வருகிறது என்று சரிபாருங்கள், அவருக்கு முதல்முறை பழைய பெயரே வந்தது, போட்டோஷொப்பை மூடித் திறந்த பின்னர்தான் மாறியது.