புழுக்கையிலிருந்து அழுத்த ஹார்மோனை அளத்தல்: சிறு பாலூட்டிகளை ஆய்வோருக்கு

ஒரு சுண்டெலியைக் கையில் பிடித்து அதன் வாலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுக்க மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகிவிட்டால், அந்தத் துளியில் நாம் அளப்பது எலியின் இயல்பு நிலையை அன்று. நம் கை பட்டதால் அதற்கு உண்டான அச்சத்தையே. ஆபத்தை உணர்ந்தவுடன் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி ஏசிடிஎச் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது அட்ரீனல் சுரப்பியின் புறணியை எட்டிக் குளுக்கோகார்ட்டிகாய்டுகள் என்னும் அழுத்த ஹார்மோன்களைச் சுரக்கச் செய்கிறது. இவ்வளவும் நடந்து இரத்தத்தில் அளவு ஏறத் தொடங்க இரண்டு மூன்று நிமிடங்களே போதும். மேலும், 20 கிராம் எடையுள்ள ஓர் உயிரின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே ஏறத்தாழ ஒன்றரை மில்லிலிட்டர்தான் என்பதால், நாள்தோறும் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கவும் முடியாது. ஊசி படாமல், விலங்கு அறியாமலேயே கிடைக்கும் புழுக்கையை ஆய்வாளர்கள் நாடியதற்குக் காரணம் இதுதான். ஆனால் புழுக்கை கிடைப்பது எளிது என்பதாலேயே அதை அளப்பதும் எளிது என்று எண்ணிவிடக் கூடாது.

எந்தப் பொருளை அளக்கிறோம்

சுண்டெலிக்கும் எலிக்கும் முதன்மையான குளுக்கோகார்ட்டிகாய்டு கார்ட்டிகோஸ்டீரோன். கினிப்பன்றிக்கும் அணிலுக்கும், மனிதருக்கு இருப்பதைப் போலவே, கார்ட்டிசால். உங்கள் விலங்குக்கு எது முதன்மை என்பதை இரத்தத்தை ஆய்ந்த பழைய ஆய்வுகளிலிருந்து முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அது தெரிந்த பின்னும் வேலை முடிவதில்லை. ஏனெனில் புழுக்கையில் அந்த ஹார்மோன் தன் சொந்த உருவில் ஏறக்குறைய இருப்பதே இல்லை. கல்லீரல் அதை உருமாற்றி, நீரில் கரையும் பொருள்களோடு பிணைத்துப் பித்தநீர் வழியாகக் குடலுக்கும், சிறுநீரகம் வழியாகச் சிறுநீருக்கும் அனுப்புகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மேலும் சிதைக்கின்றன. இறுதியில் வெளிவருவது பலவகைச் சிதைவுப்பொருள்களின் கலவை. இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோனை அளப்பதற்கென விற்கப்படும் எலைசா (எதிர்ப்பொருளைக் கொண்டு ஒரு பொருளின் அளவைக் காணும் சோதனை) பெட்டி ஒன்றை வாங்கிப் புழுக்கைச் சாற்றை அதில் ஊற்றினாலும் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும். அந்த எண் எந்தப் பொருளுக்குரியது என்று சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். இத்துறையில் தொடக்கநிலை ஆய்வாளர்கள் செய்யும் தவறுகளில் இதுவே மிகவும் பொருள்செலவு மிக்கது என்பது என் கருத்து.

இதற்கு வழி, ஒரே ஒரு மூலக்கூறை மட்டும் பற்றாமல், ஒத்த கட்டமைப்புடைய சிதைவுப்பொருள்களின் ஒரு குழுவையே பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவதாகும். சுண்டெலிகளுக்கென அத்தகைய ஒரு சோதனை 2003-ஆம் ஆண்டு வாக்கில் வெளிவந்தது. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ரூபர்ட் பால்மேயும் எரிக் மோஸ்ட்டலும் அதை உருவாக்கியோருள் அடங்குவர். கதிரியக்கம் ஏற்றப்பட்ட கார்ட்டிகோஸ்டீரோனைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அது எப்போது, எதன் வழியாக, எந்த உருவில் வெளியேறுகிறது என்று அப்போது பின்தொடர்ந்து பார்த்தனர். ஆண் சுண்டெலிகள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைப் புழுக்கை வழியாகவும், பெண் சுண்டெலிகள் பாதியைச் சற்றே தாண்டிய பங்கை அதன் வழியாகவும் வெளியேற்றின. ஆகவே ஆண், பெண் விலங்குகளின் எண்களை ஒன்றோடொன்று நேராக ஒப்பிடுவது பொருந்தாது; அவரவர் பாலுக்குள்ளேயே ஒப்பிட வேண்டும்.

கால இடைவெளி

மேற்சொன்ன ஆய்வின் மற்றொரு முடிவே, களத்தில் என் வேலை முறையை மாற்றிய செய்தி. காலை 9 மணிக்குச் செலுத்திய ஹார்மோன் புழுக்கையில் உச்சம் தொட ஏறத்தாழ 10 மணி நேரம் ஆனது. இரவு 9 மணிக்குச் செலுத்தியது சுமார் 4 மணி நேரத்திலேயே உச்சம் தொட்டது. சுண்டெலி இரவில் ஓடியாடித் தின்னும் உயிர் என்பதால் அப்போது அதன் குடல் விரைந்து இயங்குகிறது. பகலில் அது உறங்க, குடலும் மந்தமாகிறது. புழுக்கையில் தெரியும் அளவு, உணவு குடலைக் கடக்கும் நேரத்துக்குப் பின்னோக்கிய ஒரு காலத்தைக் காட்டுகிறது. அதுவும் ஒரு கணத்தை அன்று, சில மணி நேரங்களின் சராசரியை. இரத்தத்தில் மின்னி மறையும் ஏற்ற இறக்கங்களை இது மழுங்கச் செய்கிறது. நாள்பட்ட நிலையை அறிய விரும்புவோருக்கு அது நன்மை. ஒரு நொடி நிகழ்வின் விளைவை அறிய விரும்புவோருக்கு அது குறை.

இந்த இடைவெளி இனத்துக்கு இனம் மாறும். விரைந்த செரிமானம் கொண்ட மூஞ்சூறுக்கு அது குறுகியது. நார்ச்சத்து மிக்க தாவரங்களைப் பெருங்குடல்வாய் எனப்படும் பெருங்குடலின் தொடக்கப் பையில் நெடுநேரம் நொதிக்கவிடும் உயிர்களுக்கு நீண்டது. எனவே வேறோர் இனத்தின் எண்ணைக் கடன் வாங்கக் கூடாது. முயலும் கினிப்பன்றியும் மென்புழுக்கையை மீண்டும் தின்னும் பழக்கமுடையவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவற்றில் எப்போதும் ஒரே வகைப் புழுக்கையை, அதாவது உலர்ந்த கடினப் புழுக்கையை மட்டுமே சேகரிக்க வேண்டும்.

முறை உங்கள் விலங்குக்குப் பொருந்துகிறதா

புதிய இனம் ஒன்றில் வேலை தொடங்கும் எவரும் மூன்று சான்றுகளைத் திரட்டியாக வேண்டும். அவற்றுள் முதலாவதும் முதன்மையானதும் உடலியல் சான்று. சில விலங்குகளுக்கு ஏசிடிஎச் ஊசி போட்டு அட்ரீனல் சுரப்பியை வேண்டுமென்றே தூண்டி, அடுத்த ஒரு நாள் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புழுக்கையைச் சேகரித்தால், அளவு எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்ற வரைகோடு கிடைக்கும். கால இடைவெளியும் அதிலிருந்தே தெரிய வரும். மற்றொரு குழுவுக்கு டெக்ஸாமெத்தசோன் என்னும், குளுக்கோகார்ட்டிகாய்டைப் போன்ற செயற்கை மருந்தைக் கொடுத்தால் சுரப்பு அடங்க வேண்டும். உப்புநீர் மட்டும் செலுத்தப்பட்ட குழு ஒன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். ஏனெனில் ஊசியே ஓர் அச்சுறுத்தல், அதனால் எழும் ஏற்றத்தைத் தனியே பிரித்தறிய வேறு வழியில்லை. ஊசி போடாத முறை என்று சொல்லிக்கொண்டு ஊசியோடு தொடங்குவது முரணாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சில விலங்குகள் பட்ட பாடுதான் பின்னர் வரும் நூற்றுக்கணக்கான விலங்குகளைக் காப்பாற்றுகிறது. அறநெறிக் குழுவின் அனுமதி இதற்குத் தனியே தேவைப்படும்.

இரண்டாவது உயிரியல் சான்று. புதுக் கூண்டுக்கு மாற்றுவது, வண்டியில் ஏற்றிச் செல்வது போன்று இயல்பாகவே அச்சம் தரும் ஒரு நிகழ்வுக்குப் பின், எதிர்பார்த்த நேரத்தில் அளவு ஏறுகிறதா என்று பார்ப்பது. ஊசி போட அனுமதி கிடைக்காத அரிய இனங்களில் இதுவே கைகொடுக்கும். மூன்றாவது ஆய்வகச் சான்று. அதைப் பின்னால் காண்போம்.

சேகரித்தல்

வளர்ப்பு விலங்குகளில், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே கால அளவுக்குச் சேகரிக்க வேண்டும். குளுக்கோகார்ட்டிகாய்டுகளுக்கு நாள் சுழற்சி உண்டு. இரவில் நடமாடும் உயிர்களில் இருள் கவியும் வேளையை ஒட்டி அவை உச்சத்தில் இருக்கும். காலையில் எடுத்த மாதிரியை மாலையில் எடுத்ததோடு ஒப்பிட்டால், அழுத்தத்தை அன்று, கடிகாரத்தையே அளந்தவராவீர்கள். கூட்டமாக வாழும் விலங்குகளை மாதிரிக்காகத் தனியே பிரித்து வைக்கலாம். பிரிவின் அச்சம் புழுக்கையில் தோன்றுவதற்குள், அதாவது நீங்கள் கண்டறிந்த இடைவெளிக்குள், சேகரித்து முடித்துவிட வேண்டும். கூண்டின் அடியில் கம்பிவலையோ உறிஞ்சுதாளோ இட்டுச் சிறுநீரும் புழுக்கையும் கலவாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நனைந்த புழுக்கையைத் துடைத்துப் பயன்படுத்தலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதை எறிந்துவிடுவதே நல்லது, ஏனெனில் சிறுநீரிலும் இந்த ஹார்மோனின் சிதைவுப்பொருள்கள் செறிந்துள்ளன.

காட்டு விலங்குகளில் பொறியே சேகரிப்புக் கூடமாகிறது. பொறிக்குள் அகப்பட்ட அச்சம் புழுக்கையை எட்டச் சில மணி நேரம் ஆகும் என்பதால், அந்த இடைவெளிக்குள் எடுக்கப்பட்ட புழுக்கை விலங்கு அகப்படுவதற்கு முந்திய நிலையைக் காட்டும். ஆகவே பொறிகளை மாலையில் வைத்துவிட்டுக் காலையில் பார்க்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். இரவில் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றி வருவது கடினம்தான், ஆனால் வேறு வழியில்லை. நானும் ஒரு பருவம் முழுவதும் விடியலில் மட்டும் பொறிகளைப் பார்த்துச் சேகரித்த மாதிரிகளைப் பின்னர் ஒதுக்கித்தள்ள நேர்ந்தது. ஒவ்வொரு விலங்கும் எப்போது அகப்பட்டது என்பதற்கு என்னிடம் எந்தப் பதிவும் இல்லை. பொறியின் கதவில் நேரம் பதியும் கருவி ஒன்றைப் பொருத்தினால் பாதிக் கவலை தீரும். ஒரு விலங்கு விட்டுச்சென்ற புழுக்கை அடுத்த விலங்கின் கணக்கில் சேராதபடி ஒவ்வொரு பிடிப்புக்குப் பின்னும் பொறியைக் கழுவ வேண்டும். மூஞ்சூறுகள் அகப்படும் இடங்களில் பொறிக்குள் போதிய உணவும் பஞ்சும் வைப்பது இரக்கத்துக்காக மட்டுமன்று. சில மணி நேரப் பட்டினியிலேயே அவை இறந்துவிடும்.

கொறிணிகளின் புழுக்கையும் சிறுநீரும் ஹாண்டா வைரஸையும் லெப்டோஸ்பைரா பாக்டீரியாவையும் தாங்கியிருக்கக் கூடும். கையுறையும் முகக்கவசமும் இன்றித் தொடக் கூடாது; உலர்ந்த புழுக்கையை அரைக்கும்போது பறக்கும் தூசிதான் இன்னும் ஆபத்தானது.

சேகரித்தவுடன் உறையவைக்க வேண்டும். அறை வெப்பத்தில் கிடக்கும் புழுக்கையில் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்துவதில்லை. சில மணி நேரத்தில் அளவு கூடவோ குறையவோ செய்யும். களத்தில் பனிக்கட்டிப் பெட்டியும், திரும்பியதும் மைனஸ் 20 பாகை உறைபெட்டியும் போதுமானவை. அதற்கும் வழியில்லாத இடத்தில் ஆல்கஹாலில் இடுவதோ உடனே உலர்த்துவதோ செய்யலாம். ஆயினும் அந்த மாற்று வழி அளவை மாற்றுகிறதா என்பதைப் பாதி மாதிரியை உறையவைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையாள வேண்டும்.

ஆய்வகத்தில்

உறையவைத்த புழுக்கையை உலர்த்தி, உரலில் நன்கு அரைத்து, 0.05 கிராம் எடுத்து, 80 விழுக்காடு மெத்தனால் 1 மில்லிலிட்டர் சேர்த்து அரை மணி நேரம் குலுக்கி, பின் மையவிலக்கியில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் சாற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அரைப்பதை அவசரமாகச் செய்யக் கூடாது. ஒரே குவியலிலும் சிதைவுப்பொருள்கள் சீராகப் பரவியிருப்பதில்லை. மெத்தனால் நச்சும் எளிதில் தீப்பற்றும் இயல்பும் உடையது என்பதால் புகை உறிஞ்சும் பேழைக்குள் வேலை செய்ய வேண்டும்.

சாற்றைச் சோதனைத் தாங்கல்கரைசலில் (அமில-கார நிலை மாறாமல் காக்கும் கரைசல்) நீர்த்த பின்னரே எலைசா தட்டில் இட வேண்டும். முன்னர்க் குறிப்பிட்ட ஆய்வகச் சான்று இங்கே வருகிறது. ஒரு சாற்றை இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு மடங்கு என நீர்த்து அளந்தால், கிடைக்கும் கோடு, அளவு முன்பே தெரிந்த தரக் கரைசலின் கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே வெட்டினால், சாற்றிலுள்ள வேறு ஏதோ ஒரு பொருள் குறுக்கிடுகிறது என்று பொருள். தெரிந்த அளவு ஹார்மோனைச் சாற்றில் சேர்த்து அது முழுமையாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரே மாதிரியை ஒரே தட்டில் பலமுறை அளந்தால் மாறுபாடு 10 விழுக்காட்டுக்குள்ளும், வெவ்வேறு தட்டுகளில் அளந்தால் 15 விழுக்காட்டுக்குள்ளும் இருப்பது பொதுவாக ஏற்கப்படும் வரம்பு.

கணக்கில் நீர்ப்பு விகிதத்தை மறப்பது அடிக்கடி நடக்கும். பத்து மடங்கு நீர்த்த சாற்றில் தட்டு ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் காட்டினால், மூலச் சாற்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 40, அது 0.05 கிராமிலிருந்து வந்ததால், ஒரு கிராம் உலர் புழுக்கைக்கு 800 நானோகிராம்.

எண்களைப் படித்தல்

ஒரே விலங்கின் ஐந்து மாதிரிகள் ஐந்து விலங்குகள் ஆகா; புள்ளியியல் மாதிரியில் விலங்கின் அடையாளம் கட்டாயம் இடம்பெற வேண்டும். இயன்றவரை ஒவ்வொரு விலங்கையும் அதன் சொந்த அடிநிலையோடு ஒப்பிடுவதே சிறந்தது. உணவில் நார்ச்சத்து கூடினால் புழுக்கையின் பருமன் கூடி, ஒரு கிராமுக்கான அளவு சுரப்பில் மாற்றமின்றியே குறையும். ஆய்வின் நடுவே தீவனத்தை மாற்ற வேண்டாம் என்பது அதனால்தான். கருவுற்றிருத்தல், பாலூட்டுதல், இனச்சேர்க்கைப் பருவம் ஆகியவையும் அளவை மாற்றும்.

உயர்ந்த எண் என்றால் துன்பம் என்றும், தாழ்ந்த எண் என்றால் நலம் என்றும் எழுதிவிடும் ஆர்வத்தை அடக்க வேண்டும். இணை தேடலிலும் கடும் ஓட்டத்திலும் இதே ஹார்மோன் ஏறும். மறுபுறம், நெடுங்காலம் அழுத்தத்தில் கிடந்த விலங்கின் அட்ரீனல் மறுவினை மழுங்கி, எண் இயல்பாகவோ அதற்குக் கீழாகவோ தோன்றக்கூடும். உடல் எடை, உரோமத்தின் நிலை, நடத்தை ஆகியவற்றில் எதையாவது அதே நாளில் குறித்து வைத்திருந்தால் மட்டுமே, அந்த இரண்டாவது வகை விலங்கை நலமுள்ளதிலிருந்து பிரித்தறிய முடியும்.