வன்னியிலிருந்து ஒன்ராறியோ வருபவர்களுக்கு: பள்ளிக்கூட உளவியலாளர் பிள்ளைக்கு என்ன செய்வார்?

பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு ஒருநாள், "உளவியலாளர் பிள்ளையைப் பார்க்க உங்கள் சம்மதம் தேவை" என்று ஒரு படிவம் வரலாம். பயந்துபோய் அதை அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். பிள்ளைக்கு விசர் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளை எப்படிப் படிக்கிறது, எங்கே தடுமாறுகிறது, ஏன் தடுமாறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. அவர் மருந்து எழுதுவதில்லை. உங்கள் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் சோதிக்கவும் மாட்டார். அகதி விண்ணப்பம் முடியவில்லையே என்றும் தயங்க வேண்டாம்: குடிவரவு நிலையைக் காட்டி 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கக்கூடாது என்பது ஒன்ராறியோச் சட்டம்.

ஒரு உளவியலாளர் பல பள்ளிக்கூடங்களைப் பார்ப்பதால் நேரே அவரிடம் போக முடியாது. முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அவர் அதிபரோடும் விசேட கல்வி ஆசிரியரோடும் கூடிப் பேசி, வகுப்பிலேயே சில உதவிகளைச் செய்து பார்ப்பார். அது போதாவிட்டால்தான் உளவியலாளருக்கு அனுப்புவார்கள். காத்திருப்பு நீளும். தனியாரிடம் போனால் சில ஆயிரம் டொலர் முடியும்.

எல்லாவற்றிலும் கவனமாக இருக்கவேண்டிய இடம் மொழி. விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்தில் சக மாணவரை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டு ஆகும் என்று ரொறொன்ரோவில் ஆய்வு செய்த ஜிம் கம்மின்ஸ் 1980களின் தொடக்கத்திலேயே காட்டினார். இதனால் இரண்டு பக்கமும் பிழை நடக்கிறது. ஆங்கிலம் போதாத கெட்டிக்காரப் பிள்ளையைக் கற்றல் குறைபாடுள்ளவர் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையாகவே வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளையையோ, "இங்கிலிஷ் வந்தால் சரியாகிவிடும்" என்று மூன்று நான்கு ஆண்டுகள் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் கூடுதலாகக் கெடுக்கிறது, ஏனென்றால் அந்த ஆண்டுகளைத் திருப்பி எடுக்க முடியாது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது தமிழ்தான். கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ படித்தபோது பிள்ளை வயதுக்கேற்பத் தமிழ் வாசித்ததா? சொல்வதெழுதலில் கொம்பையும் அரவையும் ஓயாமல் விட்டுவிட்டதா? இந்தக் கேள்விகளுக்கு உங்களிடம் மட்டும்தான் பதில் இருக்கிறது. ஆகவே ஊரிலிருந்து வெளிக்கிடும்போதே தேர்ச்சி அறிக்கைகள், பாடசாலை விடுகைப் பத்திரம், கிளினிக் கொப்பி, குடும்பநல உத்தியோகத்தர் பதிந்து தந்த பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வையுங்கள். பிள்ளை தன் கையால் எழுதிய தமிழ்க் கொப்பிகளும் இரண்டு மூன்று வேண்டும். பலர் அவற்றைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டு வருகிறார்கள்.

சோதனைக்கு முன் உங்களோடு ஒரு நீண்ட உரையாடல் நடக்கும். பிரசவம் எப்படி இருந்தது, பிள்ளை எப்போது நடக்கத் தொடங்கியது, எப்போது பேசத் தொடங்கியது, தலையில் அடி, காய்ச்சல் வலிப்பு என்று கேட்பார்கள். எத்தனை பள்ளிக்கூடம் மாறியது, இடம்பெயர்வு, மெனிக் பாம் முகாம் வாழ்க்கை, வீட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர் உண்டா என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை போரைக் காணாவிட்டாலும், போரைக் கண்டவர்களோடுதான் வளர்ந்தது. வகுப்பில் ஒதுங்கியிருப்பதையும் நித்திரையில் திடுக்கிடுவதையும் சோம்பல் என்று எழுதாமல் இருக்க இந்த விவரம் உதவும். மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். ஈழத்தமிழ் விளங்குபவராக இருந்தால் நல்லது. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு முன்னால் நீங்களே பாதியை மறைத்துவிடுவீர்கள்.

ஒன்றை முதலே அறிந்திருங்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை அடிபட்டுத் துன்பப்படுகிறது என்று சந்தேகம் வந்தால், பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு அறிவிப்பது உளவியலாளருக்குச் சட்டக் கடமை. இதற்காகப் பிள்ளைக்குப் பொய் சொல்லிக்கொடுக்கக் கூடாது. தடியைக் கைவிடுங்கள்.

கண்ணும் காதும் முதலில் பார்க்கப்பட வேண்டும். 19 வயது வரை ஆண்டுக்கு ஒரு கண் பரிசோதனை ஓஹிப் எனும் ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதியில் இலவசம். சோதனை பெரும்பாலும் இரண்டு மூன்று தடவையாக நடக்கும். அதற்கென்று ரியூசன் கொடுத்தால் முடிவு பிழைத்துவிடும். நித்திரையும் காலைச் சாப்பாடும் போதும்.

அறிக்கையில் புள்ளிகள் 100ஐ நடுவாகக் கொண்டவை. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். சதமான நிலை 35 என்றால் 100க்கு 35 எடுத்தது என்று பொருளல்ல. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏறத்தாழ 35 பேர் இவருக்குக் கீழே அல்லது சமமாக இருக்கிறார்கள், அதாவது சராசரிக்குள்தான். சொல்வளம் கேட்கும் பகுதிகளில் புள்ளி குறைந்து, வடிவங்களைப் பொருத்தும் பகுதிகளில் நன்றாக இருந்தால், "இதில் மொழியின் பங்கு எவ்வளவு?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

அறிக்கைக்குப் பிறகு ஐ.ஈ.பி. எனும் தனியாள் கல்வித் திட்டம் எழுதப்படலாம்: பரீட்சைக்குக் கூடுதல் நேரம், அமைதியான அறை, வாசித்துக் காட்டும் கணினி என்று. விசேட தேவையை முறைப்படி தீர்மானிக்கும் ஐ.பி.ஆர்.சி. குழுவைக் கூட்டும்படி அதிபருக்கு நீங்களே எழுதலாம். கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள், குழு எப்போது கூடும் என்று அவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாயால் கேட்டால் அந்த நாட்கணக்கைக் காட்ட உங்களிடம் எதுவும் இராது. தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.