கந்தோர் நாளில் ஒரு சிலை: புளியந்தீவில் நடந்து பார்ப்பது எப்படி?

மட்டக்களப்பு நகரின் நடுவே வாவி சூழ்ந்த புளியந்தீவில் வேலை செய்பவர்கள் தினமும் சிலைகளையும் சுவரோவியங்களையும் கடந்துதான் போகிறார்கள். நின்று பார்க்க ஒரு நாளைக்கு ஒன்று போதும். நாலைந்தை ஒரேயடியாகப் பார்க்கப் போனால் மறுநாளே அலுத்துவிடும்.

படி 1: நேரம்

வேலைக்கு முன் 15 நிமிடம், வேலை விட்டபின் 40 நிமிடம். நண்பகலை விட்டுவிடுங்கள். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் உடம்பு தாங்காது. உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் விழுந்து சிலையின் கண்ணும் தெரியாது. சாய்ந்த வெயிலில்தான் செதுக்கல் எழுந்து நிற்கும்.

படி 2: கையில்

அரை லீற்றர் தண்ணீர், சிறு கொப்பி, பென்சில், மாரி என்றால் குடை. பேனை வேண்டாம், தூறலில் மை கரையும்.

படி 3: காலை, காந்தி பூங்கா

வாவிக்கரையில் இந்தப் பூங்காவை ஒட்டிய துறையில்தான் 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கினார். வந்து ஒரு வருடம் முடியுமுன் 1815இல் இறந்துபோனார். அதற்குள் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அருகில் அவருடைய சிலை இருக்கிறது.

முதலில் இருபது காலடி தள்ளி நின்று நிற்கும் தோரணையை மட்டும் பாருங்கள். ஐந்து காலடியில் கைகள், உடை மடிப்பு. பிறகு கிட்டப்போய்ப் பீடத்து எழுத்தை வாசித்து, ஒரு சுற்று வாருங்கள். முதுகுப்பக்கத்தை எவ்வளவு அக்கறையாக முடித்திருக்கிறார்கள் என்பதில் சிற்பியின் பொறுமை தெரிந்துவிடும்.

எந்தச் சீமெந்துச் சிலையிலும் வெடிப்பைத் தேடுங்கள். கம்பி ஓடும் நேர்கோட்டில் வெடித்து, செம்பழுப்புக் கறை வழிந்திருந்தால் உள்ளே துரு. உப்புக்காற்றின் ஈரம் கம்பிவரை இறங்கும், துருப்பிடித்த கம்பி பருக்கும், சீமெந்து பிளக்கும். மேலே பெயின்ற் அடித்தால் கறை மறையும், வெடிப்பு மறையாது. மயிர்போல வலைப்பின்னலாக இருந்தால் பயமில்லை. பூச்சு வேகமாகக் காய்ந்ததால் வந்தது.

சுவரோவியத்தில் அடியிலிருந்து ஒரு முழம் உயரத்தைப் பாருங்கள். 2019 கடைசியில் இளைஞர்கள் நாடெங்கும் தீட்டியவை பல அங்கேதான் முதலில் உரிந்தன: நிலத்து ஈரம் சுவரில் ஏறும்போது உப்பையும் கொண்டுவந்து பெயின்றைத் தள்ளிவிடும்.

படி 4: மாலை, கல்லடி

வாவியைக் கடக்கும், 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தால் கல்லடிக்கு நடந்து போங்கள். பெரிய வாகனங்கள் 2013இல் திறந்த புதிய பாலத்தால் போகின்றன. அக்கரையில் ஒரு பள்ளி வளவுக்குள் தமிழறிஞரும் துறவியுமான விபுலானந்த அடிகளின் சமாதி. 1892இல் காரைதீவில் பிறந்து 1947இல் மறைந்தவர். அவரே எழுதிய மலர்ப்பாடல் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. மெல்ல வாய்விட்டு வாசியுங்கள். பள்ளி வளவு என்பதால் வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள்.

கோட்டையை (போர்த்துக்கேயர் கட்டியது 1628, ஒல்லாந்தர் பிடித்தது 1638) இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

படி 5: கொப்பி

மூன்று வரி: திகதியும் நேரமும், வெயில் விழுந்த பக்கம், புதிதாகக் கண்ட ஒன்று. போனில் படம் கடைசியில். முதலே எடுத்தால் கண் வேலையை விட்டுவிடும்.

பூரணை இரவென்றால் கல்லடியில் கொஞ்சம் தங்கலாம். தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துத்தான், வாவியின் அடியிலிருந்து வருவதாகச் சொல்லும் மீன் பாட்டுக் கேட்பது வழக்கம். காற்றடித்தால் ஒன்றும் கேளாது. என்ஜின் போட் கிட்ட வந்தாலும் அப்படித்தான்.