வாட்ச் எத்தனை நொடி தப்பினால் பரவாயில்லை?

வாட்ச் தினமும் எத்தனை நொடி தப்புகிறது என்று கவலைப்படுவதற்கு முன்னால், எத்தனை நிமிடம் தப்பினால் உங்களுக்கு நஷ்டம் என்று யோசியுங்கள். ரங்கூனில் சுற்று ரயிலைப் பிடிக்கவும் கடை திறக்கவும் இரண்டு நிமிடம் முன்பின் ஆனால் குடிமுழுகாது. நாள் பார்க்கிறவர்களுக்கும் ராகுகாலம் ஒன்றரை மணி நேரம், அதில் நொடிக்கு என்ன வேலை?

பழைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கு விநாழிகை, அதாவது 24 நொடி. பேட்டரியில் ஓடும் சாதாரண செல் வாட்ச், உள்ளே குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறதே அது, மாதத்துக்குச் சுமார் 15 நொடிதான் தப்பும். ஒரு விநாழிகைகூட இல்லை! சுவிட்சர்லாந்தில் துல்லியத்தைச் சோதித்துத் தரும் குரோனோமீட்டர் சான்று வாங்கிய விலை உயர்ந்த சாவி வாட்ச் நாளைக்கு 6 நொடி வரை முந்தலாம், 4 நொடி வரை பிந்தலாம். அது ஒரு மாதத்தில் முந்தக்கூடிய 3 நிமிடத்தைச் செல் வாட்ச் முந்த ஒரு வருடம் ஆகும். சீகோவின் 4ஆர்36 எந்திரம் உள்ள ஆட்டோமேட்டிக்குக்கு, அதாவது கை அசைவில் தானே சாவி ஏறும் வாட்சுக்கு, நாளைக்கு 45 நொடி முந்தலாம், 35 நொடி பிந்தலாம் என்று கம்பெனியே சொல்கிறது. ஆகவே சரியான நேரம்தான் முக்கியம் என்றால் செல் வாட்சை வாங்குங்கள், சாவி வாட்சை ஆசைக்குக் கட்டுங்கள்.

சோதிப்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை போனைப் பார்த்து நொடி முள்ளோடு சேர்த்து வையுங்கள், அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் வித்தியாசத்தைக் குறித்து 7-ஆல் வகுங்கள். நாளைக்கு 20 நொடி முந்தினால் வாரத்துக்கு 2 நிமிடம் 20 நொடி, ஞாயிறுதோறும் திருத்தினால் போதும். தினமும் ஒரே அளவு முந்தும் வாட்ச் நல்ல வாட்ச்தான். ஒரு நாள் முந்தி மறுநாள் பிந்துவதைத்தான் ரிப்பேருக்குக் கொண்டுபோக வேண்டும். திடீரென்று நிமிடக் கணக்கில் முந்த ஆரம்பித்தால் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துக் காந்தம் ஏறியிருக்கலாம், காந்தம் எடுப்பது சின்ன வேலை, சர்வீஸ் முழுவதும் செய்யச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அப்புறம், ரேடியோ அலையில் தானே திருத்திக்கொள்ளும் வாட்சுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், அலை அனுப்பும் நிலையம் பர்மாவில் இல்லை.

நம்மைக் கவிழ்ப்பது நொடி இல்லை, அரை மணி நேரம். நம் நேரம் இந்தியாவைவிட 1 மணி முன்னால், தாய்லாந்தைவிட 30 நிமிடம் பின்னால். பாங்காக்கிலிருந்து வந்தவர் வாட்சைத் திருப்பாமல் இருந்து, கல்யாண வீட்டில் பந்தல்காரருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பார். கேசியோ உலக நேர வாட்சில் ஊர் ஆர்.ஜி.என். என்று இருக்கிறதா பாருங்கள், அது ரங்கூன், பி.கே.கே. என்றால் பாங்காக்.

அப்புறம் தண்ணீர். சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் பர்மாவின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானில் யாரும் கேட்டுவிட்டு ஊற்றுவதில்லை, வாட்சில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பித் தெருவில் இறங்காதீர்கள், அது மழைத் தூறலுக்குத்தான் ஆகும். கழற்றிப் பெட்டியில் வையுங்கள். திரும்ப எடுக்கும்போது ஆட்டோமேட்டிக் நின்றிருக்கும், பெரும்பாலானவை 40 மணி நேரம்தான் தாங்கும். சாவி கொடுத்துப் போனைப் பார்த்து வைத்துவிடுங்கள், இரவு 9 மணியிலிருந்து 3 மணி வரை தேதியை மட்டும் திருப்பாதீர்கள், உள்ளே சக்கரத்தின் பல் உடையும்.