குழந்தைக்கு முதல் சோறு: கடலூர், புதுச்சேரி வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

முட்டை சூடு, மீன் கொடுத்தால் சொறி, வேர்க்கடலை பித்தம், வாழைப்பழம் சளி. ஆறு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த நாலும் காதில் விழாமல் இருக்காது. அதே வீட்டில் டீயில் தோய்த்த பேக்கரி ரொட்டியும், தேனில் குழைத்த உரை மருந்தும், பதினெட்டுச் சாமான் போட்டு அரைத்த சத்துமாவும் யாரும் தடுக்காமல் குழந்தை வாய்க்குள் போகும். பயம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இருக்கக் கூடாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கும் இணை உணவில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

தண்ணியாக ஓடும் கஞ்சி

இணை உணவு தொடங்குவது 6 மாதம் முடிந்ததும், அதாவது 180 நாள் தாண்டியதும். கழுத்து நின்றிருக்க வேண்டும், பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், கரண்டியை நீட்டினால் நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்க வேண்டும். பல் முளைக்கட்டும் என்று எட்டாம் மாதம் வரை காத்திருப்பது பெரிய தவறு. பிறக்கும்போது குழந்தை கொண்டுவந்த இரும்புச்சத்துக் கையிருப்பு ஆறாம் மாதத்தோடு கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. அது இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம்.

தொடங்கியதும் அடுத்த தவறு கஞ்சியின் பதம். குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குத் தாங்குவது எடையில் கிலோவுக்கு சுமார் 30 மில்லி. 7 கிலோ குழந்தைக்கு 200 மில்லி சொச்சம், அவ்வளவுதான். அந்த இடத்தை வடித்த கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் நிரப்பிவிட்டால் வயிறு நிறையும், எடை ஏறாது. துணியில் வடிகட்டிய கேழ்வரகுப் பாலும் இந்தக் கணக்குதான். சக்கையோடு சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கும் வெளியே போய்விடுகிறது. 6 முதல் 8 மாதத்தில் தாய்ப்பாலுக்கு மேல் நாளுக்கு சுமார் 200 கிலோ கலோரி வேண்டும். 9 முதல் 11 மாதத்தில் 300. பாட்டிலில் ஓட்டை பெரிதாக்கி ஊற்றும் கஞ்சியில் இது வரவே வராது.

பதத்துக்கு ஒரு சோதனை உண்டு. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சட்டென்று ஒழுகக் கூடாது. தயங்கி, ஒரு கட்டியாக விழ வேண்டும். அரிசி 2 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி, ஒரு துண்டு பரங்கிக்காய், ஒன்றரை டம்ளர் தண்ணீர், குக்கரில் ஐந்தாறு விசில். உப்பு வேண்டாம். இறக்கி மத்தால் மசித்து, 1 டீஸ்பூன் நெய். இது இரண்டு வேளைக்கு வரும். முதல் வாரம் வேளைக்கு 2, 3 கரண்டி போதும். எட்டு மாதத்துக்குள் 250 மில்லி கிண்ணத்தில் பாதிக்கு வந்துவிட வேண்டும். 6 முதல் 8 மாதத்தில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, 9 மாதத்துக்குப் பிறகு மூன்று நாலு வேளை.

கெட்டியாகக் கொடுத்தால் விழுங்க மறுக்கிறது என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முளைக்கட்டி, காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவை அரை டீஸ்பூன் எடுத்து, கைபொறுக்கும் சூட்டில் இருக்கும் களியில் கலக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் களி இளகிவிடும், ஆனால் சத்து நீர்த்துப் போகாது. முளைத்த தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி இருப்பதுதான் காரணம். இளகிய பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு ஆற்றிக் கொடுங்கள். முளைக்கட்டும் ஈரத்தில் கிருமி வளரும்.

இரும்பைப் பொறுத்தவரை கேழ்வரகை மட்டும் நம்ப வேண்டாம். அதில் உள்ள இரும்பை உடல் உறிஞ்சுவது குறைவு. முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றோடு, பருப்பு சாதத்தில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும் உதவும். டீ அதைக் கெடுக்கும், ஒரு வாய் ரொட்டியைத் தோய்த்துக் கொடுத்தாலும் சரி. அரசு சார்பில் 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச் சிரப் தரப்படுகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் தரும் அந்தப் பாட்டில் பல வீடுகளில் சாமி அலமாரியில் சீல் உடையாமல் நிற்கிறது.

சத்துமாவில் தொடங்குவது

வீட்டுச் சத்துமாவில் குறை ஒன்றும் இல்லை, நேரம்தான் தவறு. கோதுமை, சோயா, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், கொண்டைக்கடலை, எள் என்று ஒவ்வாமை தரக்கூடிய அத்தனையும் ஒரே டப்பாவில் இருக்கின்றன. ஏழாம் மாதத்தில் ஒரு கரண்டி ஊட்டி உதடு வீங்கினால் எது குற்றவாளி என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக நிறுத்துவார்கள். குழந்தை மாதக்கணக்கில் வெறும் இட்லி, ரசம் சோற்றில் வளரும். ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாகச் சாப்பிட்டுப் பழகிய பிறகு சத்துமாவுக்கு வாருங்கள். அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவிலும் கோதுமை இருக்கிறது, இனிப்புக்கு வெல்லமும் உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு அதை வாங்கும்போது பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

முட்டையையும் கடலையையும் தள்ளிப்போடுவது

ஒரு வயது கழியட்டும், மூன்று வயது கழியட்டும் என்பது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னது. 2015இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று அதைத் தலைகீழாக்கியது. கடுமையான கரப்பான் (எக்சிமா என்ற தோல் அரிப்பு நோய்) அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த, 4 முதல் 11 மாதக் குழந்தைகளில், வேர்க்கடலையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கடலை ஒவ்வாமை வருவது, தவிர்த்தவர்களை விட 80 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. வாய் வழியாகச் சீக்கிரம் போகும் உணவை உடல் ஏற்கப் பழகுகிறது. வெடித்த தோல் வழியாகப் போனால் அதையே எதிரியாகப் பார்க்கப் பழகுகிறது. கரப்பான் உள்ள தோலில் கடலை மாவும் பயத்தமாவும் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். தேங்காய்ப்பூத் துண்டும் மருத்துவர் சொன்ன களிம்பும் போதும்.

கடலை கொடுக்கும் விதம் இப்படி: வறுத்து, தோல் நீக்கி, நைசாகப் பொடித்துக் கஞ்சியில் கரைக்க வேண்டும். முழுக் கடலையோ உடைத்த பருப்போ 5 வயது வரை கூடாது, மூச்சுக்குழாயில் போய் நிற்கும். பூஞ்சை பிடித்த, கறுத்த பருப்பைக் கழித்துவிடுங்கள். முதல் நாள் கால் டீஸ்பூன். ஒத்துக்கொண்டால் மெல்ல ஏற்றி, வேளைக்கு 2 டீஸ்பூன், வாரம் மூன்று முறை என்று வழக்கமாக்க வேண்டும். ஒரு முறை கொடுத்து ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று மறந்துவிடுவதும் தவறே. பழக்கம் தொடர்ந்தால்தான் பலன். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் கடலையைத் தொடங்க வேண்டாம்.

முட்டையில் வேறு தவறு. மஞ்சள் கருவை மட்டும் கொடுத்து, ‘முட்டை ஒத்துக்கொள்கிறது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒவ்வாமை தரும் புரதம் பெரும்பாலும் வெள்ளைக்கருவில் இருக்கிறது. முட்டையை 12 நிமிடம் நன்றாக வேகவைத்து, வெள்ளையையும் மஞ்சளையும் சேர்த்து மசித்துக் கால் டீஸ்பூனில் தொடங்குங்கள். அரைவேக்காடு வேண்டாம்.

எதைப் புதிதாகக் கொடுத்தாலும் குழந்தை நல்ல உடம்போடு இருக்கும் நாளில், காலையில், ஒரே ஒரு புதுப் பொருள். சளி, காய்ச்சல், தடுப்பூசி போட்ட மறுநாள் வேண்டாம். சொட்டு ஊட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் பார்த்து மீதியைக் கொடுங்கள், அடுத்த இரண்டு மணி நேரம் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் புதுப் பொருள் கொடுத்துத் தூங்க வைத்தால் உதடு வீங்குவதை யார் பார்ப்பார்கள்?

மீன்

கடலோர ஊரில் மீனைத் தள்ளிவைப்பது வருத்தமான விஷயம். முதல் மீனாகக் கிழங்கான் நல்லது; சதை மெல்லியது, ஆவியில் வேகவைத்தால் விரலில் நசுங்கும். அதன் முள் மயிர் போல நுணுக்கமானது, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தெரியாது. பகலில், கறுப்புத் தட்டில் வைத்து இரண்டு விரலால் நசுக்கி நசுக்கித் தேடுங்கள். சுறாவையும் பெரிய வஞ்சிரத்தையும் குழந்தைக்குத் தவிருங்கள். பெரிய மீன்களின் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும். கருவாட்டில் உப்பு அதிகம், சிறுநீரகம் முதிராத வயதுக்கு அது ஆகாது.

‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்பதில் சில கேஸ் மீனின் குற்றமே இல்லை. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, தடிப்பு வந்து, ஒவ்வாமை போலவே இருக்கும். அன்று அதே மீனைச் சாப்பிட்ட வேறு யாருக்காவது அப்படி ஆனதா என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வராது. தூரத்திலிருந்து வரும் ஐஸ் மீனே சந்தையில் அதிகம். அந்த மாதங்களில் புது வகை மீனைத் தொடங்காமல், நாட்டுப்படகில் காலையில் வந்ததாகத் தெரிந்த மீனை மட்டும் வாங்குங்கள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வீடுகளில் இன்னொரு குழப்பம். ஓட்டு எண்ணெய் பட்டால் குழந்தைத் தோல் வெந்து கொப்புளிக்கும். அது எண்ணெய் செய்த புண், முந்திரிப்பருப்பு ஒவ்வாமை அல்ல. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊட்டுங்கள். முந்திரிப் பருப்பு ஒவ்வாமையும் தனியாக உண்டு, கடுமையாகவும் வரும். அதனால் விழுதாக, கால் டீஸ்பூனில், மேலே சொன்ன முறைப்படிதான் தொடக்கம்.

பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை

பசும்பால் ஒவ்வாமை என்றதும் ஆட்டுப்பால் தேடிப் போவார்கள். இரண்டின் புரதமும் மிக நெருக்கமானவை. பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. எருமைப்பாலும் இப்படியே. ‘லாக்டோஸ் இல்லாதது’ என்று எழுதிய பாலும் உதவாது, பிரச்சினை புரதத்தில் இருக்கிறது. தேங்காய்ப்பால் சோற்றில் சேர்க்க நல்ல கொழுப்பு. பாலுக்கு மாற்று அல்ல. தாய்ப்பால் தொடரட்டும், அது போதாதென்றால் புரதத்தை உடைத்த சிறப்புப் பால்பவுடர் எது என்பதை மருத்துவர் சொல்வார்.

பால் ஒளிந்திருக்கும் இடங்கள்: தயிர், மோர், பன்னீர், நெய், பேக்கரி ரொட்டி, பிஸ்கட், குழந்தைத் தானிய டப்பா. லேபிளில் மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசின் என்று இருந்தால் எல்லாம் பால்தான். பொங்கல் மசியலில் நெய்க்குப் பதில் செக்கு நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய். நல்லெண்ணெய் என்றால் எள் ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்கு வடிகட்டாத கேழ்வரகுக் களி, முருங்கைக் கீரை, எலும்போடு மசிந்துபோகும் புது நெத்திலி.

கோதுமை ஒவ்வாமையில் ரவை, மைதா, சேமியாவை நிறுத்தியும் தடிப்பு தொடர்ந்தால் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். இடியாப்பம், இட்லி, கம்பங்கூழ் தாராளமாகக் கொடுக்கலாம்.

எது ஒவ்வாமை, எது இல்லை

தக்காளி ரசம் பட்ட இடத்தில், வாயைச் சுற்றி மட்டும் சிவந்து அரை மணியில் மறைவது பெரும்பாலும் புளிப்பு பட்ட எரிச்சல். சாப்பிட்ட சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, கண், உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி என்றால் அந்தப் பொருளை நிறுத்தி அன்றே காட்டுங்கள். மூச்சு இழுப்பு, குரல் மாற்றம், வெளிறித் துவண்டு போவது இவற்றில் ஒன்று வந்தாலும் 108. அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி சிரப் ஊற்றிக் காத்திருப்பதும், வாந்தி எடுக்க வைப்பதும் நேரத்தைத் தின்னும். துவண்ட குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், படுக்க வையுங்கள்.

தடிப்பே இல்லாத வகை ஒன்றும் உண்டு. சாப்பிட்டு ஒன்று முதல் நாலு மணி நேரம் கழித்து அடுக்கடுக்காக வாந்தி, முகம் வெளிறும், குழந்தை துவளும். பால் மட்டுமல்ல, அரிசியும் இதைத் தரலாம். வயிற்றுக் கோளாறு என்று இரண்டு முறை விட்டுவிட்டு மூன்றாம் முறை கண்டுபிடிக்கிறார்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எப்போது வாந்தி என்று எழுதிவைத்தால் முதல் தடவையே பிடிபடும். உடல் முழுக்கப் புள்ளி வந்தால் போனில் படம் எடுங்கள். மருத்துவமனைக்குப் போவதற்குள் மறைந்துவிடும்.

நூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்ற விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதும் சாப்பிட்டால் ஒவ்வாமை வருவதும் ஒன்றல்ல. நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அரிசியையும் பருப்பையும் அந்தத் தாளைப் பார்த்து நிறுத்திய வீடுகள் உண்டு.

மிச்சம் சில

தேன் ஒரு வயது வரை ஒரு துளியும் கூடாது. உரை மருந்தில் குழைப்பது, பால் நிப்பிளில் தடவுவது எல்லாம் சேர்த்துத்தான். தேனில் இருக்கும் ஒரு கிருமியின் விதை குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். சர்க்கரையை இரண்டு வயது வரை தள்ளினாலும் நஷ்டமில்லை. பான்லே, ஆவின், வீட்டுப் பசு எதுவானாலும் பசும்பால் ஒரு வயதுக்கு முன் பிரதான பானமாகக் கூடாது. சமையலில் கொஞ்சம், தயிராகக் கொஞ்சம் போகலாம்.

மிக்சியை எட்டு, ஒன்பது மாதத்தில் ஓரம் கட்டுங்கள். பத்து மாதம் தாண்டியும் விழுது மட்டும் பழகிய குழந்தை பின்னால் சோற்றுப் பருக்கையைக் கண்டால் ஓங்கரிக்கும். ஓங்கரிப்பு வேறு, அடைப்பு வேறு: ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், முகம் சிவக்கும், அடைத்தால் சத்தமே வராது, உதடு நீலமாகும். திராட்சை, பலாச்சுளை, பலாக்கொட்டை, பாப்கார்ன் அதற்காகத்தான் தள்ளி வைக்கப்படுகின்றன.

பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பலருக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் சரியாகிவிடும். கடலை, மீன், இறால் ஒவ்வாமை பெரும்பாலும் தங்கிவிடும். சரியாகிவிட்டதா என்று பார்க்கும் முதல் கரண்டியை வீட்டுச் சமையலறையில் வைத்துக்கொள்ளாமல், ஊசி கையில் இருக்கும் மருத்துவமனையில் ஊட்டுங்கள்.