தாய்லாந்துக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்களா?

வேலூர், ராணிப்பேட்டை சபைகளிலிருந்து மிஷனரியாகப் போய் ஆங்கிலம் கற்பிக்க நினைக்கிறவர்கள் முதலில் விசாவைப் பாருங்கள். தாய்லாந்தில் பள்ளியில் பாடம் எடுக்க 'பி' வகை, மிஷனரி ஊழியத்துக்கு 'ஆர்' வகை. ஆசிரியராகப் போய் வகுப்பில் பிரசங்கம் செய்தால் தலைவலி பள்ளிக்குத்தான். பட்டச் சான்றிதழ் சரிபார்ப்பு இழுத்தடிக்கும், அதனால் சீக்கிரமே ஆரம்பித்துவிடுங்கள்.

போனதும் ஊர் மொழியைப் படியுங்கள். ஆங்கிலம்தானே சொல்லிக்கொடுக்கிறோம் என்று இருந்துவிட்டால் சந்தையில் காய்கூட வாங்க முடியாது. அந்த மொழியில் ஐந்து தொனிகள் உண்டு. தொனி மாறினால் பொருளே மாறிவிடும். புத்தகத்தை நம்பாமல், பேசிக் காட்டும் ஒருவரைப் பிடியுங்கள். நம் ஊர்ப்பக்கம் 1853ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்களும் தமிழில்தான் பிரசங்கித்தார்கள்.

வகுப்பில் பிள்ளைகள் அமைதியாக இருந்தால் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆசிரியரிடம் 'புரியவில்லை' என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டால் வாய் திறக்கும். அப்புறம், ஆசீர்வாதம் சொல்லித் தலையில் கை வைக்கும் நம் சபை ஐயர்மார் (போதகர்கள்) பழக்கம் அங்கே வேண்டாம். தலையைத் தொடுவது அங்கே மரியாதைக் குறைவு. காலை யார் பக்கமும் நீட்டி உட்காரவும் கூடாது.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை, சோறு கிடைக்கும். மீன் சாஸ் வாசனைதான் கொஞ்ச நாள் படுத்தும். இட்லிப் பொடி ஒரு டப்பா கொண்டுபோங்கள்.

வீட்டோடு பேசும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். இங்கே இரவு ஜெபம் முடிந்து 9 மணிக்கு அம்மா கூப்பிட்டால் உங்களுக்குப் பத்தரை, காலையில் பள்ளி வேறு இருக்கும்.