தண்ணீர் வந்துவிட்டதா? கிணற்றை மூடுவதற்கு முன்னால்...

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. எதிரே உட்கார்ந்திருந்த மாமா, ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: “ஏன் மாப்ள, கடல்லேருந்து எண்ணெய் எடுக்கிறதாச் சொல்றீங்க. வர்றதுல பாதி தண்ணியாமே?”

“பாதி இல்லே மாமா. சில கிணத்துல நூத்துக்குத் தொண்ணூறு.”

“அப்புறம் எதுக்கு அதை மூடாம வெச்சிருக்கீங்க?”

மாமா கேட்டதில் தப்பில்லை. இதே கேள்வியை இரட்டைக் கோபுரத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களில், டை கட்டியவர்கள் கேட்டும் பார்த்திருக்கிறேன். கேட்டதோடு நிற்காமல் மூடவும் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் ஊறிய பாறையிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பதில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, எந்தத் தண்ணீர், எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே முடிவெடுப்பதால் வருபவை.

முதலில் மனசில் இருக்கும் ஒரு படத்தை அழிக்க வேண்டும். பூமிக்கடியில் எண்ணெய் ஏரி எதுவும் கிடையாது. மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ, அதன் நுண்துளைகளுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணெய் வந்து சேர்வதற்கு முன்பே அந்தத் துளைகளில் உப்புநீர் குடியிருந்தது. எண்ணெய் பின்னால் வந்த வாடகைக்காரர். பழைய ஆள் முழுசாகக் காலி செய்யவே இல்லை. மணல் துகளை ஒட்டிக்கொண்டு மூலையில் கிடக்கிறார்.

அந்த மூலைத் தண்ணீர் பெரும்பாலும் அசையாது. அதனால், பாறையில் தண்ணீர் இருந்தாலே கிணற்றில் தண்ணீர்தான் வரும் என்று நினைப்பது தவறு. கிணற்றுக்குள் கருவியை இறக்கி பாறையின் மின்தடையை அளந்து, 1942இல் ஆர்ச்சி என்ற பொறியாளர் கொடுத்த சூத்திரத்தில் போட்டால், “60 சதவீதம் தண்ணீர்” என்று விடை வரலாம். ஆனால் களிமண் கலந்த மெல்லிய மணல் அடுக்குகளில் அந்தத் தண்ணீர் களிமண்ணோடு கட்டுண்டு கிடக்கும். மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் ஓடாது. தீபகற்ப மலேசியாவின் கிழக்கே கடலடியில் இருக்கும் மலாய்ப் படுகையில் இந்த மாதிரி அடுக்குகள் உண்டு. ஈரம் என்று ஒதுக்கி வைத்த அடுக்கைச் சோதித்துப் பார்த்தபோது சுத்தமான எண்ணெய் கொடுத்த கதைகளை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் கேட்டிருப்பார்கள்.

அளந்தது சரியா?

இதை என் சொந்தத் தவறிலிருந்து சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. திரங்கானு கரையிலுள்ள கெர்த்தேயிலிருந்து ஹெலிகாப்டரில் போய் இறங்கிய, கடல் நடுவே நிற்கும் ஒரு எண்ணெய் பிளாட்ஃபார்ம். கிணற்றுக் குழாயின் பக்கவாட்டு வால்வைத் திறந்து சாம்பிள் பிடித்து, கூம்பு அடி வைத்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிட்டேன். அடியில் தண்ணீர், மேலே கறுப்பாக எண்ணெய், நடுவில் கலங்கிய மில்க் சாக்லெட் நிறத்தில் ஒரு பட்டை. அந்தப் பட்டையையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்து ‘97 சதவீதம்’ என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் நின்ற கிளந்தான்காரர், நாங்கள் ‘பாங்’ என்று கூப்பிடும் மூத்த ஆப்பரேட்டர், குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “சாபார், டிக்,” என்றார். பொறு தம்பி, அவ்வளவுதான். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நின்ற அந்தப் பட்டையைப் பிரிக்கும் மருந்தைச் சில துளி விட்டு, சூடாக்கி, மறுபடி சுற்றினார். பட்டை கரைந்து பாதி எண்ணெயாக மேலே போனது. அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை சாம்பிள் எடுக்கச் சொன்னார். கிணறு ஒரே சீராக ஓடவில்லை. ஒரு தரம் தண்ணீராகவும் ஒரு தரம் எண்ணெயாகவும் தள்ளிக்கொண்டிருந்தது. கடைசியில் சராசரி 93.

93க்கும் 97க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். நாளைக்கு 10,000 பீப்பாய் திரவம் வரும் கிணற்றில் 93 என்றால் எண்ணெய் 700 பீப்பாய். 97 என்றால் 300. தண்ணீர் சதவீதம் ஏற ஏற ஒவ்வொரு புள்ளியும் கனக்கும். 90 சதவீதத்தில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 9 பீப்பாய் தண்ணீர் தூக்குகிறீர்கள். 95இல் 19. 98இல் 49. மூடுவதா வேண்டாமா என்ற முடிவு இந்த இடத்தில்தான் எடுக்கப்படுகிறது. அளவையில் பிழை அதிகம் வருவதும் இதே இடத்தில்தான்.

எந்தத் தண்ணீர்?

எரிவாயுக் கிணற்றில் தண்ணீர் தலைகாட்டியதும் “அடிநீர் ஏறிவிட்டது”, அதாவது வாயுவுக்குக் கீழே பாறையில் நிற்கும் நீர் மேலே வந்துவிட்டது என்று மின்னஞ்சல் பறக்கும். கொஞ்சம் பொறுத்து உப்பைப் பாருங்கள். பூமிக்கடியில் சூடாக இருக்கும் வாயு, நீராவியைச் சுமந்துகொண்டு வருகிறது. மேலே வரும் வழியில் குளிர்ந்து அது தண்ணீராகிறது. கிட்டத்தட்ட மழைநீர் மாதிரி, உப்பே இருக்காது. பாறைக்குள் இருந்த நீர் என்றால் உப்பு இருக்கும். எண்ணெயைத் தள்ளக் கடல்நீரை உள்ளே செலுத்தும் எண்ணெய் வயலாக இருந்தால் அந்தக் கடல்நீரும் திரும்பி வரலாம். அதில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடும் 2,700 மில்லிகிராம் சல்ஃபேட்டும் இருக்கும். பாறை நீரில் சல்ஃபேட் பெரும்பாலும் மிகக் குறைவு. பரிசோதனைக் கூடத்தில் அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் பல லட்சம் ரிங்கிட் செலவில் கிணறு பழுதுபார்க்கக் கிளம்புபவர்கள் இருக்கிறார்கள்.

எந்த வழியாக வருகிறது என்பதும் முக்கியம். இரும்புக் குழாய்க்கு வெளியே போட்ட சிமெண்டில் விரிசல் இருந்து அது வழியாக ஏறினால், சிமெண்டை அழுத்தி அடைக்கலாம், வேலை செய்யும். ஆனால் கோனிங் என்றால் அடைப்பு நிற்காது.

கோனிங் என்னவென்று பார்க்க, சரவாக்கிலிருந்து வந்து கோலாலம்பூர் கடைகளிலும் இடம் பிடித்துவிட்ட மூன்று அடுக்கு தே சி பெங் ஒன்று சொல்லுங்கள். அடியில் பழுப்பாக குலா ஆப்போங் என்ற பனை வகை வெல்லம், நடுவில் பால், மேலே தேநீர். கலக்காமல், ஸ்ட்ராவை மேல் அடுக்கில் மட்டும் நிறுத்தி மெதுவாக உறிஞ்சினால் தேநீர் மட்டும் வரும். பலமாக இழுத்துப் பாருங்கள். பால் ஒரு கூம்பு மாதிரி எழும்பி ஸ்ட்ராவின் வாய்க்கே வந்துவிடும். கிணற்றிலும் இதேதான் நடக்கிறது. எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் இருக்கும்போது ஓர் அளவுக்கு மேல் வேகமாக இழுத்தால் தண்ணீர் கூம்பாக ஏறும். 1935இலேயே மஸ்கட், வைகாஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். கீழே சிமெண்ட் அடைத்தால் கூம்பு சுற்றிக்கொண்டு மேலே வரும். வேகத்தைக் குறைப்பதும், புதிதாகத் தோண்டும்போது கிடைமட்டமாகப் போய் இழுவையை நீளமாகப் பரப்பிவிடுவதும்தான் வழி.

இதில் ஒரு குட்டி ஏமாற்றம் உண்டு. மூடிக்கிடந்த கிணற்றைச் சில மாதம் கழித்துத் திறந்தால், கூம்பு இறங்கியிருப்பதால் முதல் சில நாள் எண்ணெயாகக் கொட்டும். அந்த நாள்களின் அளவைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பியிருக்கிறேன்.

எண்ணெய்ப் புத்தி எரிவாயுவுக்கு உதவாது

மெதுவாக எடு என்ற பாடத்தை அப்படியே எரிவாயுவுக்குப் பொருத்துவது, என் கணக்கில், எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு.

வாயு வயலில் தண்ணீர் நுழையும்போது வாயு முழுவதையும் தள்ளிக்கொண்டு போகாது. பாறைத் துளைகளின் இடத்தில் 20 முதல் 35 சதவீதம் வரை பிடிக்கும் வாயுவைக் குமிழ்களாகச் சிறைப்பிடித்துவிட்டு முன்னேறும். இங்கேதான் அழுத்தம் வருகிறது. அதே குமிழ் 200 பார் அழுத்தத்தில் சிறைப்பட்டால், 100 பாரில் சிறைப்படுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாயு அதற்குள் மாட்டிக்கொள்ளும். அதனால் தண்ணீர் வந்து சேர்வதற்கு முன் அழுத்தத்தை இறக்கிவிட்டால் இழப்பு குறைவு. பல வயல்களில் வேகமாக எடுப்பதே நல்லது என்பது இதனால்தான். தண்ணீர் வராத வாயு வயலில் 80, 90 சதவீதம் எடுத்துவிட முடியும். அடிநீர் பலமாக இருந்தால் பெரும்பாலும் 50, 60இல் நின்றுவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, நல்ல செய்தி வேஷத்தில் வரும். “இவ்வளவு எடுத்தும் அழுத்தம் குறையவில்லை, நினைத்ததைவிட வாயு நிறைய இருக்கிறது!” அழுத்தத்துக்கும் எடுத்த அளவுக்கும் கோடு போட்டு, அதை நீட்டி, கையிருப்பை உயர்த்தி எழுதுவார்கள். அழுத்தம் குறையாததற்குக் காரணம் காலியான இடத்தில் தண்ணீர் புகுந்துகொண்டிருப்பதாகவும் இருக்கலாம்.

வேகம் எல்லா இடத்துக்கும் மருந்து என்றும் சொல்லவில்லை. பத்துமலையில் 272 படி ஏறியவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். சுண்ணாம்புப் பாறையில் எவ்வளவு பெரிய பொந்துகள், எங்கெங்கோ சொட்டும் தண்ணீர். சரவாக் கடலில் மத்திய லுக்கோனியாவின் வாயு வயல்களும் சுண்ணாம்புப் பாறைதான், வயதில் பத்துமலையைவிட மிக இளையது. அங்கும் தண்ணீர் கரைத்துவிட்ட வழிகள் உண்டு. அப்படி ஒரு வழி கிணற்றுக்கு நேராக இருந்தால், வேகமாக இழுப்பது தண்ணீருக்கு நெடுஞ்சாலை திறந்துவிட்ட கதை. பாறை எப்படி இருக்கிறது என்று தெரியாமல் வேகம் பற்றிப் பேசக்கூடாது.

ஏற்கெனவே மூழ்கிய வயல்

தண்ணீர் மூழ்கடித்த வயலில் சிறைப்பட்ட வாயுவை எப்படி மீட்பது? தண்ணீரையே எடுக்க வேண்டும். பெரிய அளவில் தண்ணீரை இறைத்து அழுத்தத்தை இறக்கினால் குமிழ்கள் உப்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, நகர ஆரம்பிக்கும். மிஞ்சிய எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுவும் வெளியே வரும். 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட வட கடலின் பிரெண்ட் வயலில், பல ஆண்டுகள் தண்ணீர் செலுத்தி எண்ணெய் எடுத்த பிறகு, 1990களின் பிற்பகுதியில் செலுத்துவதை நிறுத்தி அழுத்தத்தை இறக்கினார்கள். வயல் 2021 வரை ஓடியது. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஹன்ட்டன் பாறைக் கிணறுகளில் முதலில் ஏறக்குறைய தண்ணீராகவே வரும்; இறைக்க இறைக்க எண்ணெயின் பங்கு கூடும்.

இதில் செய்யும் தவறு பாதியில் நிறுத்துவது. மூன்று மாதம் தண்ணீரை இறைத்துவிட்டு “ஒன்றும் தேறவில்லை” என்று பம்பை நிறுத்தினால், பக்கத்து அடிநீர் மறுபடி அழுத்தத்தை ஏற்றிவிடும். போட்ட காசும் போச்சு. ஒரு கிணற்றில் மட்டும் இறைப்பதும் அப்படியே. ஓட்டைப் படகில் ஒருவர் மட்டும் குவளையால் இறைப்பது போல.

எடுத்த தண்ணீர் எங்கே போகும் என்று கடைசியில் யோசிப்பது அடுத்த தவறு. ஒக்லஹோமாவில் இப்படி வந்த உப்புநீரை இன்னும் ஆழமான பாறையில் செலுத்தியதில் நிலநடுக்கங்கள் பெருகின. 2016 செப்டம்பரில் பாவ்னியில் 5.8 அளவில் ஒன்று வந்தது. நம்முடைய பிளாட்ஃபார்ம்களில் பிரச்சினை வேறு. எண்ணெயையும் வாயுவையும் தண்ணீரையும் பிரிக்கும் பிரிகலனும் குழாயும் பம்பும் எண்ணெய்க் காலத்தை மனதில் வைத்துக் கட்டியவை. தண்ணீர் மூன்று மடங்கானால் இடமே இருக்காது.

குழாய்க்குள் இறுகும் படிவும் இருக்கிறது. சல்ஃபேட் நிறைந்த கடல்நீரும் பேரியம் உள்ள பாறை நீரும் கிணற்றடியில் சந்தித்தால் பேரியம் சல்ஃபேட் உருவாகும். இரண்டு தண்ணீரையும் முன்கூட்டியே கலந்து பார்க்காமல் விட்டதன் அடையாளமாக என் மேசையில் ஒரு குழாய்த் துண்டு இருக்கிறது. மூன்றரை அங்குலக் குழாய், உள்ளே வெள்ளையாக இறுகி, நடுவில் சுண்டு விரல் நுழையும் ஓட்டை மட்டும் பாக்கி. ஆசிட் ஊற்றிப் பார்த்தார்கள், அசையவில்லை. கடைசியில் இயந்திரம் இறக்கிச் சுரண்டித்தான் அந்தக் கிணற்றைத் திறந்தார்கள்.